நாடகத்து நர்ஸுக்கு முப்பது மாமியார்

அன்பு மகள் சிட்டுவுக்கு,

பெரியம்மா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே எல்லாரும் வேளைக்குச் சாப்பிடுகிறோம், படுத்தால் தூங்குகிறோம். அதற்குப் பெயர் நலம் என்றால் நாங்கள் நலம்தான். உன் நலத்தை நீதான் சொல்ல வேண்டும், அதையும் பூசி மெழுகாமல் சொல்ல வேண்டும்.

போன் இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன வாரம் பேசியபோது நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் "என்ன பெரியம்மா, என்ன பெரியம்மா" என்றாய். போனை வலது காதுக்கு மாற்றிய பிறகுதான் பேச்சு ஓடியது. இடது காதுக்குச் சொட்டு மருந்தை விடாமல் போடு. தலைக்குக் குளிக்கும்போது பஞ்சு வைத்துக்கொள். அந்தக் காதைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் என் பேனாவில் நல்ல வார்த்தை வராது. சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை உன்னைத் திருப்பிக் கூட்டிப்போக மாப்பிள்ளை வீட்டார் உன் அப்பாவிடம் பேச வருகிறார்கள், உன்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். "அம்மா போகச் சொன்னா அவர்கூடவே போயிடுறேன் பெரியம்மா. அம்மா மனசுல என்ன இருக்குன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்று எழுதியிருந்தாய். கேட்டுவிட்டேன். சொல்லவும் போகிறேன். ஆனால் உன் பெரியம்மாவுக்கு எதையும் நேராகச் சொல்லி முடிக்கத் தெரியாது என்று உனக்கே தெரியும். கொஞ்சம் பொறுத்துப் படி.

நம் பிரார்த்தனைக் குழு உனக்கு நினைவிருக்கும். யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் எல்லாரும் சேர்ந்து வேண்டிக்கொள்வதற்காக டீச்சரம்மா போனில் ஆரம்பித்த குழு. இப்போது அதில் பிரார்த்தனை விடிகாலையோடு சரி. அதன் பிறகு எட்டரை மணி நாடகம்தான். காலையில் "எல்லா உயிரும் நலமாக இருக்கட்டும்" என்று ரோஜாப்பூ படம் அனுப்புகிற அதே விரல், ராத்திரி "அவளுக்கு நாலு அறை விட்டா எல்லாம் சரியாகும்" என்று தட்டுகிறது. கடவுளும் இந்தக் குழுவில் இருந்தால் சொல்லாமல் கொள்ளாமல் வெளியே போயிருப்பார்.

நீ அந்த நாடகம் பார்ப்பதில்லை. கதை பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு நர்ஸ். நல்ல பெண். புருஷன் வெளியில் தேன், வீட்டுக்குள் தேள். மாமியார் எப்போதும் அவன் பக்கம். ஒரு நாள் அவன் பிடித்துத் தள்ளினான், அவள் தலை கதவில் இடித்தது. அவள் அழவில்லை. வசனமும் பேசவில்லை. எழுந்து, ஒரு பையில் நாலு துணியை எடுத்துக்கொண்டு, வாசல் விளக்கை அணைத்துவிட்டு இறங்கிப் போனாள். நான் தைத்துக்கொண்டிருந்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கு ஆரம்பித்தது கூத்து. பிரஷர் மாத்திரை வாங்கப் போனபோது மருந்துக்கடைப் பெண் அந்த நாடகம் போடும் டிவிக்காரர்களின் பக்கத்தைத் தன் போனில் திறந்து காட்டினாள். அவளும் நம் குழுவில்தான் இருக்கிறாள். அடேயப்பா! ஊர் உலகமே அங்கே உட்கார்ந்து பஞ்சாயத்துப் பண்ணுகிறது. அவள் நடத்தை சரியில்லையாம். சம்பாதிக்கிற திமிராம். ஒருத்தன் அந்த நடிகையைத் திட்டுகிறான். அடப்பாவி, அவள் எழுதிக் கொடுத்ததைப் பேசிவிட்டுச் சம்பளம் வாங்கிப் போகிறவள், அவள் என்ன செய்வாள்? இன்னொருத்தன் முகத்துக்குப் பதிலாகச் சிங்கத்தின் படத்தை வைத்துக்கொண்டு, "கை நீட்டாத ஆம்பளை எந்த வீட்ல இருக்கான்?" என்று எழுதியிருந்தான். என்னால் தாங்க முடியவில்லை. மருந்துக்கடைப் பெண்ணைத் தட்டச் சொல்லி, "தம்பி, சிங்கத்தை எடுத்துட்டு உன் மூஞ்சியைப் போட்டு இதையே எழுது, உன்னைப் பெத்தவ பாக்கட்டும்" என்று பதில் போட்டேன். அவன், "கிழவி, போய்ச் சாமி கும்பிடு" என்றான். கும்பிட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன், உனக்கும் சேர்த்துத்தான் கும்பிட்டேன் என்றேன். அதற்கு நாற்பது பேர் கை தட்டியிருந்தார்கள். அந்தப் பெண் சிரித்துச் சிரித்து எனக்கு மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டாள், திரும்பப் போய் மாற்றி வாங்கினேன்.

வெளி ஆட்கள் கத்தினால் கத்திவிட்டுப் போகட்டும். நம் குழுவில் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. இவர்கள் நாடகத்தைப் பேசவில்லை, மகளே. நாடகத்தைச் சாக்காக வைத்து நம் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறார்கள். முதலில் எனக்குப் புரியவில்லை. "நர்ஸ் அவசரப்பட்டுட்டா", "புள்ளை குட்டி இருந்தா இப்படிப் போவாளா" என்று எழுதினார்கள், நானும் நாடகம் என்று நினைத்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் அடுத்த தெரு அயர்ன்காரர் வீட்டம்மா எழுதினாள் பார்: "கண்ணாடிக் கடையில நாலு காசு சம்பளம் வாங்கினதும் புருஷன் வேண்டாதவனாப் போயிட்டானா?"

கண்ணாடிக் கடை! நாடகத்தில் ஏது கண்ணாடிக் கடை? அவள் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற நர்ஸ். கண்ணாடிக் கடையில் கண் சோதித்து வேலை செய்கிறவள் நீ! எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. "நாடகத்துல எந்த எபிசோட்ல கண்ணாடிக் கடை வந்துச்சு? எனக்குக் கொஞ்சம் காட்டு, கண் தெரியாமப் போச்சு போல" என்று குரல் பதிவு அனுப்பினேன். அவள் எழுதியதை அழித்துவிட்டாள். அழித்தால் ஆச்சா? பிறகு டீச்சரம்மா வந்து, "அக்கா, நாம பொதுவாத்தான் பேசுறோம், நீங்க சொந்த விஷயத்தைக் கலக்காதீங்க" என்கிறாள். கலக்கினது நானா? உன் கல்யாணத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து அட்சதை போட்டவர்கள், நீ வீட்டை விட்டு வந்த நாளிலிருந்து ஒருத்தியாவது "பிள்ளைக்கு என்ன ஆச்சு" என்று கேட்டிருப்பாளா? நாடகத்து நர்ஸ் தலையில் எத்தனை தையல் போட்டார்கள் என்று மட்டும் எல்லாருக்கும் மனப்பாடம். பாவம் அவள், ஒரு மாமியாரைத் தாண்டி வந்தாள், இங்கே முப்பது மாமியார் காத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் விட என்னை அறுத்தது உன் அம்மாவின் செய்திதான். என் கூடப் பிறந்த தங்கை எழுதுகிறாள்: "பெண் என்றால் பொறுமை. வீட்டுக் கௌரவம் வாசலைத் தாண்டக் கூடாது. அவள் திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்பதே முறை." அதற்கு எல்லாரும் கை கூப்பிக் கும்பிடு போட்டிருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தில் போனைத் துணிக் குவியலில் வீசிவிட்டு, அன்று முழுதும் தேடினேன். பெற்ற வயிறு இப்படி எழுதுமா? இனி இவள் முகத்தில் விழிப்பதில்லை என்று நினைத்தேன். பட்டன் கட்டக் கொடுக்க வேண்டிய சட்டைகளைக் கூட அவளிடம் கொடுக்காமல் நானே கட்டினேன். உனக்கு அன்றே எழுதியிருந்தால், "அம்மா போகச் சொல்லிட்டா" என்றுதான் எழுதியிருப்பேன். ஆண்டவன்தான் என் கையைப் பிடித்து நிறுத்தினான்.

அதற்கு மறுநாள் டீச்சரம்மாவுக்கு ஒரு யோசனை. சண்டை வேண்டாம், ஓட்டுப் போட்டுப் பார்த்துவிடுவோம் என்று குழுவில் ஒரு கேள்வியைப் போட்டாள். நர்ஸ் புருஷனிடம் திரும்பிப் போக வேண்டுமா? போகணும் என்று ஒரு கோடு, போக வேண்டாம் என்று ஒரு கோடு. வேண்டியதைத் தொட்டால் போதும். நான் போக வேண்டாம் என்பதை எவ்வளவு அழுத்த முடியுமோ அவ்வளவு அழுத்தினேன். அழுத்தினால் ரெண்டு ஓட்டாக விழாதாம், மருந்துக்கடைப் பெண் சொன்னாள். கடைசியில் போகணும் என்று குழு முழுதும், போக வேண்டாம் என்று மூன்றே மூன்று பேர்.

"நான் ஒண்ணு, நீ ஒண்ணு, அந்த மூணாவது மகராசி யாருன்னு தெரிஞ்சா அவ கையைக் கண்ணுல ஒத்திக்குவேன்" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "இதுக்கு ஏன் தெரிஞ்சா கிரிஞ்சான்னுகிட்டு? யார் யார் போட்டாங்கன்னு இங்கயே காட்டுமே" என்று ஓர் இடத்தைத் தொட்டாள்.

உன் அம்மா.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பப் பார்த்தேன். அவள் பெயர்தான், நீ எடுத்துக் கொடுத்த அவள் போட்டோதான்.

உன் அப்பா ஷிப்டுக்குப் போகும் நேரம் பார்த்து, சட்டை மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனேன். அவள் டிவிக்கு எதிரில் இருக்கும் உன் அப்பா நாற்காலியில் உட்காராமல், கீழே சுவரோரமாக உட்கார்ந்து காலர் பிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் யாரும் இல்லாதபோதும் அந்த நாற்காலியில் உட்கார மாட்டாள், கவனித்திருக்கிறாயா? நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன். "வாயால போகணும்னு எழுதுற, விரலால போக வேண்டாம்னு போடுற. எதுடி நெசம்?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. "அது வெளியில தெரியுமாக்கா? ஓட்டுன்னாலே ரகசியம்தானே?" என்றாள். எல்லாருக்கும் தெரியும், தொட்டால் பெயர் வரும் என்றேன். கையிலிருந்த ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, அவள் அடுத்துக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அவருக்கும் தெரியுமா?"

உன் அப்பாவைத்தான் கேட்டாள், சிட்டு. நான் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பிறகு அவளே சொன்னாள். குழுவில் அவள் எழுதியது எல்லாம் உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "இப்படிப் போடு" என்று சொல்லச் சொல்லத் தட்டியதாம். ஓட்டு வந்தபோது அவர் குளிக்கப் போயிருந்தாராம். "தண்ணி விழுற சத்தம் கேட்டுச்சுக்கா. தொட்டுட்டேன்" என்றாள்.

நான் பயந்துவிட்டேன். இந்தக் குழுவில் இருக்கிறவர்களுக்கு வாயா சும்மா இருக்கும்? எவளாவது தன் புருஷனிடம் காட்டி, அவன் உன் அப்பாவிடம் சொல்லிவிட்டால்? "அதையே திரும்பத் தொட்டா ஓட்டு அழிஞ்சிடும்டி, இப்பவே எடுத்துடு" என்று போனை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். வாங்கினாள். அந்த மூன்று பெயரையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் விரல் அதன் மேல் போனது. பிறகு போனைக் கவிழ்த்துத் தரையில் வைத்துவிட்டு, ஊசியை எடுத்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்க்கா" என்றாள்.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான். உன் அம்மா சொல்லிவிட்டாள். இதைவிடச் சத்தமாக அவளால் சொல்ல முடியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை நீ வராதே. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று யார் போன் செய்து கூப்பிட்டாலும் கிளம்பாதே, முதலில் என்னைக் கேள். மாப்பிள்ளை வீட்டார் வரட்டும். அவர்கள் வருவதற்கு முன்னால் நான் போய் உன் அப்பாவின் நாற்காலியிலேயே உட்காரப் போகிறேன். எழுந்திரு என்று சொல்லிப் பார்க்கட்டும். உன் காதைப் பார்த்து டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டின் நகல் ஒன்றை எனக்கு அனுப்பு, வாயால் பேசுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நாடகத்தில் என்ன ஆச்சு என்று கேட்காதே. ஊர்வாய்க்குப் பயந்து கதை எழுதுகிறவன் நர்ஸை நேற்றே திருப்பிக் கூட்டிவந்து, புருஷன் காலில் விழ வைத்துவிட்டான். குழு முழுதும் இதயப் படமாகக் கொட்டுகிறது. அந்த நடிகை விழுந்து எழுந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விடுவாள். நிஜத்தில் விழுந்தவர்கள் அப்படிப் போக முடிவதில்லை. நான் இனி எட்டரைக்கு டிவி போடுவதில்லை.

ஆண்டவன் உனக்குத் துணை இருப்பான். வேளைக்குச் சாப்பிடு. விடுதி அறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு பயமில்லாமல் தூங்கு. உன்னை யார் என்ன சொன்னாலும் தலை நிமிர்ந்து வேலைக்குப் போ. நீ நூறு வருஷம் நன்றாக இருப்பாய்.

இன்னொன்று. நான் சட்டை மூட்டையை வைத்துவிட்டுக் கிளம்பும்போது, உன் அம்மா வாசல் வரை வந்தாள். தெருவைப் பார்த்துக்கொண்டே, "அவ தங்கியிருக்கிற விடுதியில வயசானவங்களையும் சேத்துக்குவாங்களாக்கா?" என்று கேட்டாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. நீயும் அவளிடம் கேட்காதே, மகளே. விடுதியில் மட்டும் விசாரித்து, எனக்கு உடனே எழுது.

என்றும் உன் மேல் உயிராக இருக்கும்,
பெரியம்மா