வாய் விறைத்த பிரதம விருந்தினர்

22.8.2006, செவ்வாய்

நாக்கின் இடது ஓரத்தில் புண். கண்ணாடியில் பார்த்தால் கடுகளவு. வாய்க்குள் புளியங்கொட்டை அளவு தெரிகிறது. ஞாயிறு தங்கை ஷாமளா தெற்கு லண்டன் டூட்டிங்கிலிருந்து கொண்டுவந்த தட்டைவடையைக் கடித்ததில் தொடங்கியது. வடையா அது, கருங்கல். அவளிடம் "மொறுமொறு எண்டு நல்லாயிருக்கு" என்று சொன்னேன். பொய் சொன்ன நாக்குக்கே கிடைத்திருக்கிறது.

இவரிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் கதையாமல் இரும், ஆறிடும்" என்றார். இதைச் சொல்ல இருபத்தேழு வருடம் காத்திருந்தாரோ?

25.8.2006, வெள்ளி

உப்புத் தண்ணீரில் கொப்பளித்துப் பார்த்தேன். சரிவரவில்லை. கராம்பு எண்ணெயைத் தொட்டு வைத்தேன். சமையலறையை இரண்டு முறை சுற்றி வந்தேன்.

இவர் பேப்பரை இறக்காமலே, "டான்ஸ் ஷாமளாவின்ரை ரூபிக்கு மட்டுந்தான் வருமெண்டு நினைச்சன்" என்றார்.

29.8.2006, செவ்வாய்

ரூபியின் அரங்கேற்ற அழைப்பிதழ் வந்துவிட்டது. ரூபி என்றால் சிவரூபினி, ஷாமளாவின் மகள். 'பிரதம விருந்தினர்: திருமதி சந்திரவதனா பாலேந்திரா.' தங்க எழுத்தில். மூன்று முறை வாசித்தேன். நாலாவது முறை இவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

இதில் ஒரு ரகசியமும் இல்லை. அரங்கேற்றத்தில் பிரதம விருந்தினர் பேசுவது பிள்ளை உடுப்பு மாற்றுவதற்காக. சேலை, நகை, தலைப்பூ எல்லாம் மாற்றி முடியும் வரை சனத்தைக் கதிரையில் பிடித்து வைத்திருக்க ஓர் ஆள் வேண்டும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளை இத்தனை வருடம் பிடித்து வைத்திருந்த எனக்கு அது பெரிய வேலையில்லை. கைவசம் மூன்று கதை இருக்கிறது. எந்த மேடைக்கும் அதே மூன்றுதான். எங்கே நிறுத்தினால் எங்கே சிரிப்பார்கள் என்பது வரை தெரியும்.

ரூபி போனில் கெஞ்சினாள். "பெரியம்மா, செகண்ட் ஹாஃபுக்கு ஃபுல் சேஞ்ச். நான் ரெடியாகும் மட்டும் நீங்க கதைச்சுக்கொண்டே இருக்க வேணும். ப்ளீஸ், ஸ்டாப் பண்ணிடாதீங்க."

பேச்சை நிறுத்தாதே என்று ஒருவர் என்னைக் கெஞ்சியது இதுதான் முதல் தடவை.

ஆனால் 'பெரியம்மா' என்று அவள் சொன்னதற்குப் பதில் சொல்லவே நாக்கு சுள்ளென்றது.

2.9.2006, சனி

எங்கள் ஹவுன்ஸ்லோ ஹை ஸ்ட்ரீட்டில் மருந்துக்கடை. அங்கே நிற்கும் ஷோபா மலேசியப் பிள்ளை, நல்ல பிள்ளை. சின்னக் களிம்பு ரியூப் ஒன்று தந்தாள். தடவினால் அந்த இடம் மரத்து விறைக்குமாம்.

"பட்டாணி அளவு போதும் ஆன்ட்டி. போட்டதும் சாப்பிடாதீங்க, நாக்கைக் கடிச்சாலும் தெரியாது. எத்தனை நாளா இருக்கு?"

"ரெண்டு மூண்டு நாள்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

"மூணு வாரத்துக்கு மேல ஆறலைன்னா கண்டிப்பா டென்டிஸ்ட்கிட்ட காட்டணும். ஆமாவா?"

"ஓம்."

டென்டிஸ்டாம். வாய் நிறையக் கம்பியை வைத்துவிட்டு எங்கே வேலை, எத்தனை பிள்ளை என்று கேள்வி கேட்கிற இடம். பதில் சொல்ல முடியாத இடத்துக்கு நான் ஏன் போகவேண்டும்?

5.9.2006, செவ்வாய்

மருந்து தெய்வம். தடவியதும் நோவு எங்கே போனதென்று தெரியவில்லை. நாக்கும் எங்கே போனதென்று தெரியவில்லை. தேநீர் குடித்தேன், பாதி மேல்சட்டையில். இவர் துவாயை எடுத்துத் தந்தார்.

9.9.2006, சனி

தமிழ்ப் பள்ளியில் 'வாழைப்பழம்' சொல்லிக் கொடுக்க நின்றேன். வேறு பாடம் எடுத்தேன்.

12.9.2006, செவ்வாய்

இன்றோடு மூன்று வாரம் தாண்டிவிட்டது. புண் ஆறவில்லை. ரியூப் பாதி காலி.

இவர் வேலைக்குப் போனபின் டார்ச் லைட் பிடித்துப் பார்த்தேன். வெள்ளையாக ஒரு விளிம்பு. ஆறாத புண் என்றால் அதுவாக இருக்கலாம் என்று எங்கேயோ வாசித்தேன். அந்த நோயின் பெயரை எழுதவும் பயமாயிருக்கிறது. எனக்கு நாக்கைத் தவிர வேறென்ன இருக்கு? பேசாமல் நான் என்ன செய்வன்? பயமாயிருக்கு. நல்லாப் பயமாயிருக்கு.

சனிக்கிழமை அரங்கேற்றம் முடியட்டும். பிறகு பார்க்கலாம். இவரிடம் சொல்லவில்லை. தடவிவிட்டுப் படுக்கிறேன்.

17.9.2006, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுத வேண்டும். பேச இன்னும் வாய் சரியில்லை.

முதற்பாதி அருமை. ரூபி ஆடினாள் என்று சொன்னால் போதாது. இடைவேளைக்கு முன்னரே குளியலறைக்குப் போய் மருந்தைத் தடவிக்கொண்டேன். பட்டாணி அளவுதான். வெளியே வந்தால் ஷாமளா தட்டோடு நிற்கிறாள். "அக்கா, வெறும் வயித்தோட மேடை ஏறக்கூடாது" என்று கையில் மரக்கறி றோல்ஸைத் திணித்தாள். பிள்ளையின் தாய், விழாக்காரி, இத்தனை சனத்துக்கு நடுவில் தருவதை எப்படி மறுப்பது? சாப்பிட்டேன். எது றோல்ஸ், எது நாக்கு என்று தெரியவில்லை. கையிலிருந்த கடதாசித் துவாயைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இரத்தம்.

மறுபடி குளியலறை. பயத்தில் ரியூப்பில் இருந்த மிச்சம் முழுவதையும் பிதுக்கி நாக்கு, உதடு எல்லாம் பூசினேன். ஷோபா பார்த்திருந்தால் அங்கேயே மயங்கி விழுந்திருப்பாள்.

என் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கைப் பிடித்தேன். "சபையோர் அனைவருக்கும்" என்று தொடங்கினேன். வந்தது என்ன சத்தமோ, எனக்கே புரியவில்லை. பொரிமாவை வாய் நிறைய அடைத்துக்கொண்டு பேசியது போல இருந்தது. எச்சில் வடிந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள், என் பள்ளிப் பிள்ளைகளேதான்! திரும்பவும் தொடங்கினேன். அதே சத்தம். மிருதங்கக்காரர் குனிந்து தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார். திரைக்குப் பின்னால் நடன ஆசிரியை 'இன்னும், இன்னும்' என்று கையைச் சுற்றிக் காட்டினார். உள்ளே ரூபி பாதிச் சேலையோடு நிற்பாள். ஏழு வருடம் ஆடிப் பழகிய பிள்ளை. அவளுடைய நாளை நான் கெடுத்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது.

அப்போது மூன்றாம் வரிசையிலிருந்து இவர் எழும்பினார். என்னை வீட்டுக்குக் கூட்டிப்போக வருகிறார் என்று நினைத்தேன். மேடையில் ஏறி என் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"மன்னிக்கவேணும். இவவுக்கு வாய்ப்புண். மருந்து போட்டு விறைச்சுப் போச்சு. இவவின்ரை பேச்சு என்னட்டை இருக்கு."

கடதாசியில் எழுதி வைத்திருக்கிறார் என்று சபை நினைத்தது. நானும்தான். அவர் வெறுங்கையோடு நின்றார். கண்ணை மூடினார். என் பேச்சைச் சொல்லத் தொடங்கினார்.

என் கூட்டங்களில் எல்லாம் மூன்றாம் வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். நித்திரை என்றே நினைத்திருந்தேன். ஊரெல்லாம் அப்படிச் சொல்லியும் வைத்திருக்கிறேன். ஒரு சொல் பிசகவில்லை. தேவாலய மண்டபத்தில் கற்பூரம் கொளுத்தி அலாரம் அடித்து, தீயணைப்புக்காரர் ஓடிவந்து, பிறகு கடைசி வரிசையில் நின்று நாட்டியம் பார்த்த கதை. நான் கையை உயர்த்தும் இடத்தில் கையை உயர்த்தினார். நான் நிறுத்தும் இடத்தில் நிறுத்தினார். எனக்குச் சிரிப்பதைவிடக் கூடச் சிரித்தார்கள். கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. இரண்டாவது, ஒற்றைச் சலங்கையோடு ஆடி முடித்த பிள்ளையின் கதை. அதற்கும் கைதட்டு.

மூன்றாவது இவரைப் பற்றியது. அதை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை.

"எங்கட கலியாணத்தண்டு என்ரை மனுசனிட்டை ரெண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் குடுத்தினம். 'எல்லாரும் சாப்பிடுங்கோ' எண்டு சொல்லிப்போட்டு இருந்திட்டார்."

புருஷனே 'என்ரை மனுசன்' என்று சொன்னதும் மண்டபமே சிரிப்பில் கவிழ்ந்தது. நான் அந்த இடத்தில் நன்றி சொல்லி இறங்கிவிடுவேன். இவர் சிரிப்பு அடங்கும் வரை நின்றார். கண்ணைத் திறந்தார்.

"அண்டைக்கு நான் சொல்ல நினைச்சது வேற. இவ வடிவாயிருக்கிறா எண்டு சொல்ல நினைச்சன். வெக்கமாப் போச்சு. பிறகு இவ கதைக்கத் தொடங்கினா. கேட்டுக்கொண்டிருக்க நல்லாயிருந்தது. நான் அப்பிடியே இருந்திட்டன்."

திரைக்குப் பின்னால் சலங்கைச் சத்தம் கேட்டது. "பிள்ளை வந்திட்டாள்" என்று மைக்கை வைத்துவிட்டு, என் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு போனார். கண்ணீர் உதட்டைத் தாண்டியது எனக்குத் தெரியவில்லை. நாடியில் சொட்டியபோது தெரிந்தது.

இரண்டாம் பாதியும் குறையில்லாமல் முடிந்து வீடு திரும்பும்போது, காரில் கையை நீட்டினார். "அந்த ரியூப்பைத் தாரும். செவ்வாய்க்கிழமை லீவு எடுக்கிறன். டென்டிஸ்டிட்டைப் போறம்."

"அது வேற ஏதுமெண்டால்?" என்று எப்படியோ கேட்டுவிட்டேன். இந்த உளறல் இவருக்கு மட்டும் எப்படிப் புரிந்ததோ.

"வேற ஏதுமெண்டாலும் ரெண்டு பேருந்தான் போறம்."

காலி ரியூப்பைக் கொடுத்தேன்.

19.9.2006, செவ்வாய்

அதுவல்ல. அதுவல்ல. அதுவல்ல.

தட்டைவடையில் பழைய பல் அடைப்பு உடைந்து, கூரான விளிம்பு ஒன்று நின்றிருக்கிறது. நான் பேசப் பேச அது நாக்கை வெட்டியிருக்கிறது. நோவைத் தெரியாமல் பண்ணிக்கொண்டு நான் இன்னும் பேசியிருக்கிறேன். ஊசி போட்டு, விளிம்பை மழுக்கி, புதிதாக அடைத்தார்கள். இரண்டு வாரத்தில் வந்து ஆறியதைக் காட்டச் சொன்னார்கள்.

நான் நினைத்தது போலவே டென்டிஸ்ட் வாய் நிறையக் கம்பியை வைத்துவிட்டுக் கேள்வி கேட்டார். மூலைக் கதிரையிலிருந்து இவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். ருசி கண்டுவிட்டார் போலிருக்கிறது.

3.10.2006, செவ்வாய்

புண் இருந்த இடமே தெரியவில்லை. டென்டிஸ்டும் பார்த்துச் சரி என்றுவிட்டார். வாழைப்பழம், வாழைப்பழம், வாழைப்பழம்.

18.11.2006, சனி

கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் இன்னொரு பிள்ளையின் அரங்கேற்றம். பிரதம விருந்தினர் நான்தான். ஆனால் அழைக்கும்போதே "அண்ணையும் வருவார்தானே?" என்று இரண்டு தரம் கேட்டார்கள். இதற்கு முன் இவரை யார் அப்படிக் கேட்டது?

மேடையிலிருந்து பார்த்தேன். மூன்றாம் வரிசை, கண் மூடியபடி. இன்றுதான் கவனித்தேன், உதடு மெல்ல அசைகிறது. கற்பூரக் கதைக்கு அசைந்தது. சலங்கைக் கதைக்கு அசைந்தது. மூன்றாவது கதையை வேண்டுமென்றே விட்டுவிட்டு, பிள்ளை தயாராகும் வரை வேறு எதையோ பேசி நிரப்பினேன்.

சட்டென்று கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

திரும்பி வரும்போது, "ஒண்டை விட்டிட்டீர்" என்றார்.

"ஓம். அதை இனி நீங்கள்தான் சொல்லவேணும்" என்றேன்.

ஹவுன்ஸ்லோ வரும்வரை காரை ஓட்டிக்கொண்டே சொன்னார். முழுக்கதையும், கடைசியில் அந்த வடிவாயிருக்கிறா என்ற வரி உட்பட. நான் ஒரு வார்த்தை பேசவில்லை.