ஆற்றங்கரைப் பூங்காவில் நான்கு பேருக்கு இடம்

மின்னசோட்டா,
ஏப்ரல் 14, செவ்வாய்.

அன்புள்ள சிக்ரிட்டுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு நடந்துகொள்கிறது. அங்கே ராட்டர்டாமில் நீயும் யூப்பும் சளி, இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா, மழைக்கோட்டு இல்லாமல் சைக்கிளில் சுற்றுகிறீர்களா, எல்லாம் விவரமாக எழுது, ஒரே வார்த்தையில் நலம் என்று முடித்துவிடாதே. ஏரியில் பனிக்கட்டி போன வெள்ளிக்கிழமைதான் உடைந்தது, எந்த நாளில் உடையும் என்ற பந்தயத்தில் உன் பெரியம்மா ஆர்டிஸ் வழக்கம்போலத் தோற்றுப்போனாள். ஃபோன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதத்தை எடுத்தாள் என்று நினைப்பாய். ஆகஸ்டில் வரட்டுமா என்று போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டாய், எதற்கு அவ்வளவு தூரம், வேண்டாம் என்று நான் சொன்னேன், சரிம்மா என்று நீ வைத்துவிட்டாய். அந்த விஷயமாகத்தான் எழுதுகிறேன். ஃபோனில் பேசினால் என் வாய் என் பேச்சைக் கேட்பதில்லை. கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுமையாகப் படி.

பக்கத்து வீட்டுக்கு லூயிசியானாவிலிருந்து ஒருவர் குடிவந்திருக்கிறார் என்று சொன்னேன் இல்லையா, க்ளோவிஸ் கிட்ரி, நர்ஸ் வேலை பார்க்கும் மகளோடு இருக்கலாம் என்று வந்தவர். மிளகு தூவினாலே தண்ணீர் கேட்கும் ஊர் நம்முடையது, இங்கே வந்து அந்த மனிதர் சமைக்கிற காரத்தில் தெருவே தும்முகிறது. பனி வாரும் மண்வெட்டியைத் திருப்பிக் கொடுக்க மார்ச் கடைசியில் வந்தவர் என் சமையலறை மேஜைமேல் ஒரு வரைபடத்தை விரித்தார். ஆகஸ்ட் இரண்டாவது வாரம் செயின்ட் க்ராய் ஆற்றோரம் ஆட்டர் பெண்ட் மாநிலப் பூங்காவுக்குப் போகப்போகிறாராம், இரண்டு இரவு டென்ட் போட்டுத் தங்கி, ஒரு பகல் முழுக்க ஆற்றில் கனோ என்ற ஒடுக்கமான படகில் போவதாம். "நீங்களும் வர்றீங்களா? துடுப்புப் போட இன்னொரு ஆள் இருந்தா நல்லா இருக்கும்"னு கேட்டார். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தெரியாதா. "அய்யோ, எனக்கெதுக்குங்க, உங்களுக்கு வீண் தொந்தரவு" என்றேன். நம் ஆட்கள் யாராக இருந்தாலும் அடுத்து, தொந்தரவெல்லாம் இல்லை, சும்மா வாங்க என்பார்கள், நான் இன்னொரு வேண்டாம் சொல்வேன், மூன்றாவது தடவை கேட்டதும் சரி அவ்வளவு சொல்கிறீர்களே என்று ஒத்துக்கொள்வேன். இந்த மனிதர் "சரிங்க" என்று வரைபடத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். இரண்டாவது வேண்டாமை வாயிலேயே வைத்துக்கொண்டு நான் நிற்கிறேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்த வரைபடத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பதினெட்டு வருடம், ஒவ்வொரு மே மாதமும் ஒரு தடவை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளி பஸ்ஸில் அந்தப் பூங்கா வாசலில் கொண்டுபோய் இறக்கியிருக்கிறேன். ஓட்டுநர் பஸ்ஸை விட்டுப் போகக் கூடாது என்று உத்தரவு, வண்டி நிறுத்தும் இடத்தில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பேன். நீயும் ஒரு வருடம் அதே பஸ்ஸில் வந்தாய், ஈரக் காலுறையோடு ஏறினாய், உள்ளே என்னடி இருக்கிறது என்று கேட்டதற்கு "ஆறு"ன்னு சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாய். உன் அப்பா இருந்தவரை கொசுவுக்குப் பயந்து ஆற்றுப்பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார். இருபது மைலில் ஆற்றை வைத்துக்கொண்டு நாற்பது வருடமாக நான் பார்த்ததெல்லாம் பூங்கா வாசலில் இருக்கிற கழிப்பறைக் கட்டடம்தான். அதனால் பூங்கா அலுவலகத்துக்கு ஃபோன் போட்டேன். டெஸ்ஸா என்று ஒரு பெண், தங்கமான பெண், எதைக் கேட்டாலும் பதில் சொல்கிறாள். கனோ கவிழ்ந்தால் என்ன செய்வது என்று கேட்டேன், "எழுந்து நில்லுங்க, ஆகஸ்ட்ல முழங்கால் தண்ணிதான்" என்றாள். அப்புறம் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றிவிடாதீர்கள் என்றும் சொன்னாள். சாப்பாட்டுப் பெட்டியை அந்தத் திருட்டு மிருகம் ரக்கூன் திறக்குமா என்று கேட்டேன், தாழ்ப்பாளையே திறக்குமாம், மேலே பெரிய கல்லைத் தூக்கி வைத்தாலும் இரண்டாகச் சேர்ந்து உருட்டிவிடுமாம், காருக்குள் வைத்துப் பூட்டச் சொன்னாள். பேன்ட்டைக் காலுறைக்குள் செருகிக்கொண்டால் உண்ணி ஏறாதாம், பார்க்கக் கோமாளி மாதிரி இருந்தாலும் பரவாயில்லையாம். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது குரலை வைத்தே, "மார்லிஸ்தானே, இன்னிக்கு என்ன சந்தேகம்?" என்றாள். ரொம்ப நாள் சந்தேகம் ஒன்று இருந்தது, ஒவ்வொரு வருடமும் பஸ்ஸைப் பெருக்கும்போது சீட்டுக்கடியில் வழவழவென்று தட்டைக் கல்லாகக் கிடக்குமே, அது எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டேன். கீழ் வளைவில் ஒரு கல் திட்டு இருக்கிறதாம், தண்ணீர் வற்றினால் நடந்தே போகலாமாம், ஆனால் பூங்காவிலிருந்து கூழாங்கல்கூட வெளியே எடுத்துப்போகக் கூடாதாம். "எவ்வளவு வந்திருக்கும்?" என்று கேட்டாள். பதினெட்டு வருடத்துக்கு ஒரு வாளி இருக்கும் என்றேன். "நான் கேக்கல, நீங்க சொல்லல" என்று வைத்துவிட்டாள்.

இதையெல்லாம் ஆர்டிஸிடம் சொல்லப் போனேன். அவளுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. "மூணு தடவை கேக்கணும்னு அந்த ஆளுக்கு யாரும் சொல்லித் தரலையா? போடி, நீயே போய்க் கேளு, ஆகஸ்டுக்கு இடமெல்லாம் இப்பவே தீர்ந்துபோகும்" என்றாள். வேறு மாதிரியும் கேலி செய்தாள், அவள் நினைக்கிறபடி ஒன்றும் இல்லை, இருந்தால் உனக்குத்தான் முதலில் எழுதுவேன். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒன்று சொன்னாள். "சிக்ரிட்டுக்கும் இது மறந்துபோச்சு மார்லி. அம்மாவுக்கு நாங்க வர்றது தொல்லைன்னு லிண்ட்ஸிகிட்ட சொல்லியிருக்கா. மூணு கோடையா கேட்டாளாம், மூணு கோடையும் நீ வேண்டாம்னுட்டியாம். இந்த வருஷமும் சொன்னா இனிமே கேக்கறதா இல்லைன்னாளாம்." பெரியம்மா மகளிடம் நீ மனம் விட்டுச் சொன்னதை ஆர்டிஸ் என்னிடம் சொன்னதற்குக் கோபித்துக்கொள்ளாதே. சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. போட்ட காபியைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன். அது நேற்று, திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டுவிட்டாய், அதற்கு அடுத்த நாள்தான் எனக்கு இது தெரிகிறது.

வீட்டுக்குப் போகாமல் நேராக க்ளோவிஸ் வீட்டுக் கதவைத் தட்டினேன். அறுபத்தாறு வயதில் ஒருவரிடம் போய் எனக்கு இது வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை, காது மடலெல்லாம் சுட்டது. ஆட்டர் பெண்டுக்கு நானும் வருகிறேன் என்றேன். "நீங்கதான் வேண்டாம்னீங்களே?" என்றார். "அது முதல் வேண்டாம்" என்றேன். அவர் கதவை முழுசாகத் திறந்தார். "எங்க ஊர்ல வேண்டாம்னா வேண்டாம்தான். உங்க ஊர்ல எத்தனாவது வேண்டாம் நிஜம்?" மூன்றாவது என்றேன். "அடப்பாவமே, போன மாசம் பாதிரியார் வேண்டாம்னாரேன்னு கேக்கைத் திரும்ப எடுத்துட்டு வந்துட்டேனே" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். உள்ளே கூப்பிட்டு இறால் குழம்பு ஒரு கிண்ணத்தில் ஊற்றி நீட்டினார், பழக்கதோஷம், ஐயோ வேண்டாம் என்றேன், அவர் சிரிக்காமல் கிண்ணத்தைத் திரும்ப அலமாரிக்குள் வைத்தார். கொடுங்க, கொடுங்க என்று வாங்கிக்கொண்டேன். காது வழியாகப் புகை வந்தது, ஆனால் கிண்ணத்தை வழித்துவிட்டேன்.

இன்று காலை எட்டு மணிக்கு, பூங்காவில் இடம் பதிவு செய்ய அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம். இருபத்திரண்டாம் நம்பர் இடம், டென்ட்டிலிருந்து தண்ணீருக்குப் பத்தடிதான், எங்களுக்கு முன்னால் யாரும் எடுத்திருக்கவில்லை. எத்தனை பேர் என்ற கட்டத்தில் இரண்டு போடப்போனவரை நிறுத்தி நான்கு என்றேன். யார் மற்ற இருவர் என்றார். என் மகளும் மருமகனும் என்றேன். "வர்றாங்களா?" இன்னும் கேட்கவில்லை என்றேன். நான்கு என்று தட்டிவிட்டு, "அப்ப முதல்ல கேளுங்க" என்றார். அதனால்தான் வீட்டுக்கு வந்ததிலிருந்து உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சிக்ரிட், மூன்று கோடையும் நீ கேட்டபோது, அடுத்து இன்னொரு தடவை கேட்பாய் என்று ஃபோனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். நீ மனதில் இருப்பதை அப்படியே போட்டு உடைக்கிற ஜனங்களோடு பதினோரு வருடம் இருந்துவிட்டாய், நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டாய், உன்மேல் குற்றமில்லை. நீ வைத்த பிறகு ஒவ்வொரு தடவையும் அழுதேன், அதையும் உன்னிடம் சொன்னதில்லை. தொல்லை என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. நீ வரவேண்டும். எனக்கு உன்னைப் பார்க்கவேண்டும். ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி அந்த ஆற்றில் உனக்கு முன்னால் உட்கார்ந்து நான் துடுப்புப் போடவேண்டும், அந்தக் கல் திட்டு எங்கே இருக்கிறது என்று நீ காட்டவேண்டும். யூப்புக்கு நீந்தத் தெரியும்தானே, தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எழுந்து நின்றால் போதும். கொசுவுக்கு முழுக்கைச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

கர்த்தர் உங்கள் இருவரையும் காக்கட்டும், கை கால் சுகத்தோடு வைக்கட்டும், தூக்கத்தையும் பசியையும் குறையாமல் தரட்டும். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். இது கிடைத்ததும் நீ ஃபோன் செய்வாய், எதற்கு இவ்வளவு செலவு, வேண்டாம் என்று நான் கட்டாயம் சொல்வேன். சொல்லி முடிக்கிறவரை கேட்டுக்கொண்டிரு, அப்புறம் எந்த விமானம் என்று சொல்.

உன் அம்மா,
மார்லிஸ்