மூன்றாவது வரியில் நிற்கும் இடம்

அன்புள்ள வாலுவின் அப்பாவுக்கு,

நானும் வாலுவும் நலம். உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. சுரங்கம் குடையும் இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது என்று படித்ததும்தான் மூச்சு வந்தது. முட்டிவலிக்கு மருந்து தடவுகிறீர்களா என்று கேட்டிருந்தேன். பதிலையே காணோம். தடவவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். வாலுவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. இருந்தாலும் வாய் குறையவில்லை.

இனி எழுதுவதைச் சிரிக்காமல் படியுங்கள். உங்கள் கிதாரை நான் எடுத்துவிட்டேன்.

எங்கே போனாலும் தோளில் மாட்டிக்கொண்டு போகிறவர், இந்தமுறை அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனீர்கள். கிளம்புவதற்கு முதல்நாள் மாலை நான் சொன்னதுதான் காரணம் என்று எனக்குத் தெரியாமலில்லை. "இந்த ஒரு வரிய இன்னும் எத்தனை வருஷம் கேக்கணும்?" என்றேன். நீங்கள் கிதாரை உள்ளே வைத்துப் பெட்டியை மூடினீர்கள். நீங்கள் போன மூன்றாம் நாள் வீடு பெருக்கும்போது துடைப்பம் அந்தப் பெட்டியில் இடித்தது. திறந்தேன். ஏழு வருடமாக ஒரே பாட்டு, ஒரே மூன்றாவது வரி, ஒரே இடத்தில் தடுக்கல். அப்படி என்னதான் இருக்கிறது அங்கே? எனக்குக் குடைச்சல் தாங்கவில்லை.

எங்கள் ரத்தப் பரிசோதனை ஆய்வகத்துக்குக் கீழ்த்தளத்தில் கண் மருத்துவமனை இருக்கிறதே, அங்கே டோக்கன் கொடுக்கும் பெண் மாலையில் கிதார் சொல்லிக்கொடுக்கிறாளாம். போய்ச் சேர்ந்தேன். இடது காலைச் சின்ன மணையில் வைக்கவேண்டும், கட்டைவிரல் கழுத்துக்குப் பின்னால் இருக்கவேண்டும், வலது கை நகத்தை வளர்த்து அரத்தால் தேய்த்து வைக்கவேண்டும் என்று எத்தனை சட்டம்! ஆய்வகத்தில் கையுறை கிழிகிறது என்று மேற்பார்வையாளர் முறைக்கிறார்.

இரண்டு மாதத்தில் ஒருவழியாக உங்கள் பாட்டுக்கு வந்தேன். நீங்கள் செய்ததையேதான் செய்தேன். ஆரம்பத்திலிருந்து வாசிப்பது, மூன்றாவது வரியில் விழுவது, மறுபடி ஆரம்பத்திலிருந்து. ஒரே மாலையில் இருபது தடவை. வாரக் கடைசியில் முன்னைவிட மோசம். டீச்சரிடம் போய் அழாத குறை. அவள் நிதானமாகச் சொன்னாள்: "இருபது தடவ தப்பா வாசிச்சா, அந்தத் தப்பத்தான் இருபது தடவ நல்லாப் படிச்சிருக்கீங்க. முதல் ரெண்டு வரிக்கு இனிமே லீவு குடுங்க."

அன்றிலிருந்து முறையை மாற்றினேன். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம். அதற்கு மேல் கிடையாது. கிதார் பெட்டிக்குள் இருப்பதில்லை. முன்னறை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது, விருந்தாளி மாதிரி. போகிற வருகிற போது கை தானாகப் போகிறது. ஒருமுறைக்கு நான்கு சுரம் மட்டும், ஆமை வேகத்தில். இரண்டு தடவை தப்பினால் நிறுத்தி, வேகத்தைப் பாதியாக்குவேன். வாசித்து முடித்ததும் ஒரு நோட்டில் ஒரே வரி எழுதுவேன், எது தப்பியது என்று. ரத்த மாதிரி கெட்டுப்போனால் எந்தக் கட்டத்தில் கெட்டது என்று ஒவ்வொன்றாகப் பின்னால் போய்ப் பார்ப்போமே, அதே வேலைதான்.

அப்படிப் பின்னால் போனதில் கண்டுபிடித்தேன். மூன்றாவது வரியில் ஆள்காட்டி விரலை ஆறு தந்திகளின் மீதும் படுக்கவைத்து அழுத்துகிற இடம் இருக்கிறதல்லவா? கஷ்டம் அங்கே இல்லை! இரண்டாவது வரி முடியும்போதே சுண்டுவிரல் தந்தியை விட்டு வெகுதூரம் எகிறிவிடுகிறது. அது கையையே வெளியே இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. பிறகு ஆள்காட்டி விரல் எப்படி நேரத்துக்கு வந்து படுக்கும்? சுண்டுவிரலைத் தந்திக்குப் பக்கத்திலேயே வைத்துப் பழகினேன். ஒன்பதாம் நாள் அந்த இடம் வழுக்கிக்கொண்டு போனது. வீட்டில் யாருமில்லை. நானே கைதட்டிக்கொண்டேன்.

ஆனால் வாலு பள்ளிவிட்டு வந்ததும் வாசித்துக் காட்டினேன். விழுந்தேன். மறுநாள் தனியாக வாசித்தால் சரி. அவள் இருந்தால் தப்பு. நான்கு நாள் நோட்டில் குறித்துப் பார்த்தேன், நான்கு நாளும் அப்படியே. ஐந்தாம் நாள் வாசிக்கும்போது அவளைக் கவனித்தேன். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள், இரண்டாவது வரி முடியும்போது பென்சிலை நிறுத்தினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, நான் விழுவேனா என்று காத்திருந்தாள். பென்சில் சத்தம் நின்றதும் என் விரலும் நின்றது.

"ஏண்டி எழுதறத நிறுத்தற?" என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "நீ மட்டும்? அப்பா வாசிக்கும்போது அந்த இடம் வந்தா நீ குழாய மூடிட்டு நிப்பியே!"

எனக்குச் சுருக்கென்றது. உண்மைதான். பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும் நான், சரியாக அந்த இடத்தில் குழாயை மூடிவிட்டுக் காது கொடுப்பேன். ஏழு வருடமாக. நானே அறியாமல். உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். சமையலறையில் சத்தம் நின்றது உங்களுக்குக் கேட்டதா? சுண்டுவிரல் பாதிக் காரணம் என்றால், மீதிப் பாதி நான்தானா? மழுப்பாமல் எழுதுங்கள். தெரிந்துகொள்ளவேண்டும்.

உதிரிப்பாகம் ஏற்றிக்கொண்டு உங்கள் கம்பெனி வண்டி வருகிற வியாழன் கிளம்புகிறது. ஓட்டுநரிடம் பேசிவிட்டேன். கிதாரைப் போர்வையில் சுற்றித் தன் இருக்கைக்குப் பின்னால் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். தந்தி புதிது, படியும்வரை இரண்டு நாள் சுருதி இறங்கும், பயப்படாதீர்கள். எனக்கு டீச்சர் பழையது ஒன்று இரவல் தந்திருக்கிறாள்.

பெட்டிக்குள் ஒரு தாள் இருக்கும். இரண்டு கிதாருக்கான பாட்டு. மேல்வரி உங்களுக்கு, கீழ்வரி எனக்கு. நான் இன்று காலை முதல் நான்கு சுரம் ஆரம்பித்துவிட்டேன். ஒருவர் தப்பினால் மற்றவர் நிறுத்திப் பார்க்கக்கூடாதாம். தன் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே போகவேண்டுமாம். தப்பியவர் மெல்ல வந்து சேர்ந்துகொள்வாராம். எனக்கு இதுவரை தெரியாமல் போன பழக்கம் அதுதான். பழகிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் வரும்போது வந்திருக்கும்.

பத்திரமாக வேலை பாருங்கள். மருந்தைத் தடவுங்கள். தினம் பத்து நிமிடம் போதும், வாசியுங்கள்.

காத்திருக்கும்,
உங்கள் கீழ்வரி