நீ வாசித்து நிறுத்திய இடம்

மகளே,

இன்று காலை கடைக்குப் பழைய பேப்பர் கட்டு வந்தது. பரோட்டா பார்சல் மடிப்பதற்கு வாங்குவது. செக்காலை ரோட்டில் இந்தக் கடையில் சேர்ந்ததிலிருந்து அதைப் பிரித்து அடுக்குவது என் வேலை. எப்போதும் செய்தித்தாள்தான் இருக்கும். இன்று நடுவில் பிள்ளைகள் படிக்கிற கதைப் புத்தகங்கள் நாலைந்து கிடந்தன. யாரோ வீடு காலி செய்திருப்பார்கள். கையில் எடுத்ததும் பூட்டி வைத்த பீரோவும் பசையும் கலந்த ஒரு வாசம் வந்தது. போனில் வாசம் வராது. ஆனாலும் நீ எனக்குப் போனில் வாசித்த புத்தகம் இப்படித்தான் மணக்கும் என்று அப்போது நானாக நினைத்து வைத்திருந்தது இந்த வாசத்தைத்தான்.

"என்னண்ணே நிக்கிறீக? கிழிச்சு அடுக்குங்க, கூட்டம் வந்துரும்" என்றார் மாஸ்டர். நான் செய்தித்தாளை மட்டும் அடுக்கினேன். புத்தகங்களை அவரே கிழித்தார். அவர் மேல் தப்பில்லை. அவருக்கு உன்னைத் தெரியாது.

நீ ஒன்பதாவது படித்த வருஷம் நான் ஷார்ஜாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்தேன். அந்த வருஷம் உங்கள் டீச்சர் ஆளுக்கொரு ப்ராஜெக்ட் செய்யச் சொன்னார். பாடமும் இல்லை, மார்க்கும் இல்லை. தனக்காக ஒரு காரியத்தை எடுத்துக்கொண்டு வருஷக் கடைசி வரை விடாமல் செய்து, வகுப்பு முன்னால் நின்று என்ன நடந்தது என்று பேச வேண்டும். ஒருத்தி செடி வளர்க்கிறேன் என்றாள், ஒருத்தி சைக்கிள் பழகுகிறேன் என்றாள். நீ, தினமும் கதைப் புத்தகம் வாசிக்க நேரம் உண்டாக்குகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாய்.

நான் சிரித்தேன். "ஏம்மா, பள்ளிக்கூடத்துல நாள் பூரா அதைத்தான பண்றீக?"

"அது பரீட்சைக்கு அத்தா. இது எனக்கு."

சுலபமாகச் சொல்லிவிட்டாய். பிறகுதான் உன் நாளில் எங்கேயும் இடம் இல்லை என்று உனக்கே தெரிந்தது. விடியற்காலையில் எழுந்து வாசித்தால் புத்தகத்தின் மேலேயே தூங்கிப்போனாய். பள்ளி வேனில் வாசித்தால் குமட்டியது. பள்ளி விட்டு வந்ததும் குர்ஆன் ஓதப் போக வேண்டும், வந்ததும் அம்மாவுக்கு மாவு பாக்கெட் போட்டுக் கொடுக்க வேண்டும், அப்புறம் டியூஷன். உன் அம்மா இட்லி மாவு விற்றுத்தான் நான் அனுப்புகிற பணத்துக்கு மேலே ஏற்படுகிற செலவைச் சமாளித்தாள். அவளையும் குறை சொல்வதற்கில்லை. நீயும் சொல்லவில்லை. ஒரு நாள் போனில் இப்படிக் கேட்டாய்:

"அத்தா, நீங்க தெனமும் சாயங்காலம் போன் பண்ணுவீக. சாப்பிட்டியான்னு கேப்பீக. என்ன கொழம்புன்னு கேப்பீக. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் சும்மாத்தான் இருக்கோம். அந்த நேரத்தை எனக்குக் குடுத்துருங்க. நான் வாசிக்கிறேன், நீங்க கேட்டுக்கிட்டு இருங்க."

நீ சொன்னது உண்மை. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வந்து போகிற தகப்பனுக்கும் பிள்ளைக்கும் பேச என்ன இருக்கும்? சரி என்றேன்.

கீழே கிரைண்டர் ஓடுகிற சத்தம் என்று நீ மொட்டை மாடிக்குப் போய்விடுவாய். உனக்குச் சாயங்காலம், எனக்கு மதியச் சாப்பாடு முடிந்து கடை ஓய்ந்திருக்கும் நேரம். பின்கட்டில் எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே கேட்பேன். வெள்ளத்தில் காணாமல் போன தம்பியைத் தேடி ஓடத்தில் தனியாகப் போகிற ஓர் அக்காவின் கதை. நான் பன்னிரண்டாவது வரை படித்தவன்தான். ஆனாலும் அதற்குப் பிறகு பில்லையும் கடைப் பலகையையும் தவிர எதையும் வாசித்ததில்லை. நடுநடுவே நீ நிறுத்தி எனக்காக ஏதாவது சொல்வாய். "நம்ம ஊருணி நெறஞ்சு ரோட்டுக்கு வந்துச்சுல்ல, அது மாதிரி நெனச்சுக்கங்க அத்தா." துக்கமான வரி வரப்போகிறது என்றால் அதற்கு முன்னாலேயே உன் மூச்சு மாறிவிடும். உன்னைத் தூக்கி வளர்க்காத எனக்கு உன்னைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அந்த மாதங்களில் காது வழியாக வந்ததுதான்.

என்னோடு வேலை பார்த்த தொண்டிக்காரரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். அவர் சரக்கு எடுக்கப் போன நாட்களில் திரும்பி வந்ததும், "என்னண்ணே, இன்னைக்குப் புள்ள ஓடத்தை எங்குட்டு விட்டுச்சு?" என்று கேட்காமல் இருக்க மாட்டார்.

ஒரு நாள் நீ புத்தகத்தை மூடிவிட்டு, "அந்த அக்கா எடத்துல நீங்க இருந்தா என்ன பண்ணுவீக அத்தா?" என்றாய்.

"திரும்பிப் போயிருவேம்மா."

"ஏன்?"

"பயமா இருக்கும்ல."

"அங்க தனியா இருக்கவும் பயமா இருக்கா அத்தா?"

அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. பூண்டை வைத்துவிட்டு, "ஆமாம்மா" என்றேன். நீ சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. "அப்ப இன்னைக்கு இன்னொரு அத்தியாயம் வாசிக்கிறேன்" என்றாய். அந்த ப்ராஜெக்ட் உனக்கு என்ன செய்ததென்று நீ வருஷக் கடைசியில் வகுப்பில் சொல்வதாக இருந்தது. எனக்கு என்ன செய்தது என்பது இதுதான்.

அப்புறம் காய்ச்சல் வந்தது. "லேசாத்தான் அத்தா. ஒரு பக்கம் மட்டும் வாசிக்கிறேன்." ஓடம் ஒரு பாலத்துக்கு அடியில் போகிறது, மேலேயிருந்து யாரோ கூப்பிடுவது போல ஒரு சத்தம், அவள் துடுப்பை நிறுத்திக் காது கொடுக்கிறாள். அந்த வரியோடு, "மிச்சம் நாளைக்கு அத்தா" என்றாய். மறுநாள் உன் அம்மாதான் பேசினாள். உன்னைச் சிவகங்கை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள் என்றாள். அதற்கு அடுத்த அழைப்பு உன் மாமாவிடமிருந்து. எனக்கு டிக்கெட் கிடைத்து, திருச்சியில் இறங்கி, ஊர் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. மையவாடியில் ஈர மண்ணைக் காட்டினார்கள். உன் முகத்தை நான் பார்க்கவில்லை.

திரும்பிப் போகவில்லை. அந்தப் பின்கட்டில் அந்த நேரத்தில் எண்ணெய் டின் மேல் உட்கார முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. உன் குரல் போனில் இருக்கிறதா என்று எல்லோரும் கேட்டார்கள். இல்லை. நாளைக்கும் வாசிப்பாய் என்று இருந்தவன் எதற்காகப் பதிவு செய்து வைப்பேன்?

உன் டீச்சர் வீட்டுக்கு வந்தபோது அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். பள்ளி நூலகத்துப் புத்தகம்தான், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். துடுப்பை நிறுத்துகிற அந்த வரியைத் தேடிக் கண்டுபிடித்தேன். அடுத்த வரியை வாசிக்கப் பார்த்தேன். எழுத்து தெரிகிறது, ஒன்றும் உள்ளே போகவில்லை. நீ வாசிக்காத வரி அது. பல முறை முயன்று மூடிவிட்டேன்.

உன் அம்மா ஒரு நாள் கிரைண்டரைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "நீங்க அம்புட்டுத் தூரத்துல இருந்து தெனமும் அவ வாசிக்கிறதைக் கேட்டீக. நான் கீழயேதான் இருந்தேன். ஒரு வார்த்தை என் காதுல விழுகல."

கொஞ்சம் கழித்து அவளே, "அந்தக் கதையையாச்சும் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். பாலத்தடி வரைக்கும் சொல்லி நிறுத்தினேன்.

"பெறகு?"

"அவ்வளவுதான் வாசிச்சா."

புத்தகம் அலமாரியில் இருப்பது அவளுக்கும் தெரியும். எடுத்துப் பாருங்கள் என்று அவள் சொல்லவில்லை. எழுந்து போய் மாவு பாக்கெட் போட ஆரம்பித்தாள். அதற்குப் பிறகும் எப்போதாவது கேட்பாள், முதலிலிருந்து சொல்வேன், அதே இடத்தில் நிற்போம். ஆறுதல் என்று நினைத்துவிடாதே. முடிந்த பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதுகூட இல்லை.

நான் இன்னும் வைத்திருப்பது அந்தப் பாதிக் கதையைத்தான். அதுவும் முழுசாக என்னிடம் இல்லை. அச்சடித்தது எங்கேயும் போகாது. வாசிப்பதை நிறுத்தி எனக்காக நீ சொன்னவைதான் போகின்றன. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் உன் வார்த்தை ஒன்று விழுந்து அந்த இடத்தில் என் வார்த்தை ஒன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. நேற்றுச் சொல்லும்போது, தண்ணீர் அவள் முழங்காலுக்கு ஏறுகிற இடம் வந்தது. அங்கே நீ ஏதோ சொல்லிச் சிரித்தாய். சிரித்தது காதில் கேட்கிறது. என்ன சொன்னாய் என்பது நினைவுக்கு வரவில்லை. உன் அம்மா காத்துக்கொண்டிருந்தாள். நான் அந்த இடத்தைத் தாண்டி மேலே சொல்லிக்கொண்டு போனேன்.