கக்கத்தில் இருந்த பை

ஆவணி, வெள்ளிக்கிழமை இரவு.

கே.கே. நகரில் வெள்ளிதோறும் மளிகைப் பொருள்களை இலவசமாகக் கொடுக்கும் கூடத்திற்கு இன்று முதன்முறையாகச் சென்றேன். மகனுக்கு வேலை போய்விட்டது. வீட்டில் இருந்த அரிசி நாளைக் காலை வரைதான் வந்திருக்கும். நான் வரிசையில் நிற்குமுன்பே, என் திருநீற்றையும் வெள்ளை வேட்டியையும் கண்ட நிர்வாகி என்னை நன்கொடையாளர் என்று எண்ணிவிட்டார். "ஐயா வாங்க, உங்க கையால ஆரம்பிச்சு வைங்க" என்று அரிசிப் படியை நீட்டினார். வாங்க வந்தவன் என்று சொல்ல நாணிப் படியை வாங்கிக்கொண்டேன். கொண்டுபோன பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நண்பகல் வரை பிறர் பைகளில் அரிசி அளந்து போட்டேன்.

வரிசையின் கடைசியில் நின்ற பூக்காரம்மா சிரித்தார். "என்ன சாமி, எம்புட்டு நேரமா அந்தப் பையைக் கக்கத்துலயே வச்சிருக்கீக? அரிசி தானா வந்து ஏறுமா?"

பிட்டுக்கு மண் சுமந்த பெருமானை நாள்தோறும் பாடுகிறேன். அவனே கூலிப் பிட்டைக் கேட்டு வாங்கி உண்டான். எனக்கு மட்டும் என்ன நாணம்? பையை விரித்து, "எனக்கும் வேண்டும்" என்றேன். நிர்வாகியே படியை வாங்கி நிறைய அளந்தார். "அடுத்த வெள்ளியும் வந்துருங்கய்யா, அளக்க ஆள் இல்ல" என்றார்.

யார் கொடுத்தது என்று வீட்டில் மனைவி வினவினாள். கேட்டு வாங்கியதாகச் சொன்னேன்.

"அப்பாடா, இன்னைக்காவது வாயைத் திறந்தீகளே" என்று உலை வைத்தாள்.

உண்ட மயக்கத்தில் கண் செருகுகிறது. துவைத்த பை கொடியில் காய்கிறது.