ஜெர்மனி அணுவும் ஓமந்தூர் மல்லாட்டையும்

ஓமந்தூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள பிரபா அக்காவுக்கு, செண்பகம் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், என்னைத் தவிர. அங்கே பனி விட்டதா? போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள். அதனால்தான் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். படித்ததும் அழித்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்திலிருந்து உன்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நீ வீடியோவில் வருவதாக ஏற்பாடு. மாப்பிள்ளையின் அம்மா வாசலில் செருப்பைக் கழற்றிய நேரம் பார்த்து உன் நெட்வொர்க் போய்விட்டது. ஜெர்மனியிலும் கரண்ட் போகுமா என்று அப்பா வருத்தப்பட்டார். அணைத்தது நீதான் என்று எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அம்மணி என்று பெயர். "பொண்ணு என்னா படிக்குது?" என்றார். "லைட்டுங்க" என்றாள் அம்மா. "ஈ.பி.யிலயா?" என்றார் அவர். அம்மா திணறிப்போய், "தோ, சின்னவளுக்குத் தெரியும்" என்று கதவுக்குப் பின்னால் நின்ற என்னை இழுத்துக் கூடத்தின் நடுவில் விட்டாள்.

உன் ஆராய்ச்சியைப் பற்றி நீ போனில் சொன்னதெல்லாம் மறந்துவிட்டது. தட்டில் அவித்த மல்லாட்டை இருந்தது. ஒரு கடலையை உரித்து, பருப்பை ஒரு கையில் ஒளித்து, இரண்டு கைகளையும் மூடி நீட்டினேன். "இது ரெண்டும் ரெண்டு அணுங்க. இருக்கிறது ஒரே ஒரு துளி வெளிச்சம். அது கெடச்ச அணு மேல ஏறிடும், இன்னொண்ணு கீழயே நிக்கும். ஒண்ணைப் பாத்தா மத்தது என்னான்னு தெரிஞ்சிடும்" என்றேன். பருப்பு முன்பே ஒரு கையில்தானே இருக்கிறது, இது தப்பு என்று நீ திட்டுவாய். அதையும் சொன்னேன். "எங்கக்கா அணுல அப்படி இல்லீங்க. பாக்கிற வரைக்கும் வெளிச்சம் ரெண்டுக்கும் பொதுங்க."

அம்மணியம்மா விடவில்லை. "இன்னொரு வாட்டி காட்டும்மா" என்று தட்டு காலியாகும்வரை விளையாடினார். ஜெயித்த பருப்பையெல்லாம் தின்றார். மாப்பிள்ளை அறிவுச்செல்வன் ஒரு தடவைகூடச் சரியான கையைச் சொல்லவில்லை, பாவம்.

கிளம்பும்போது அம்மணியம்மா, "பெரிசு அங்கியே படிச்சிக்கினு இருக்கட்டும். இந்தப் பொண்ணையே குடுத்துடுங்க. பத்தொம்போது ஆவுதில்ல?" என்றார். அப்பா தலையாட்டிவிட்டார். வரும் ஞாயிறு பூ வைக்க வருகிறார்கள்.

அக்கா, நீ அங்கே அணைத்தாய், நான் இங்கே எரிந்துவிட்டேன். உன் அணுக்கள்கூட இவ்வளவு ஜல்தியாக மாட்டிக்கொள்ளாது.

மாப்பிள்ளை நல்லவராகத்தான் தெரிகிறார். ஆனால் திண்டிவனத்தில், தனியாகப் பத்தாவது எழுதுகிறவர்களுக்கு ஒரு டுடோரியல் இருக்கிறது. துணிக்கடை வேலைக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பலகையைப் பார்க்கிறேன். உள்ளே போய்க் கேட்க வாய் வரவில்லை. இரண்டு பேரைப் படிக்கவைக்க முடியாது என்று அப்பா என் படிப்பை நிறுத்திய அன்றும் வரவில்லை. விழுப்புரத்துக்காரர்கள் முன்னால் மட்டும் எங்கிருந்து வந்ததோ!

ஞாயிற்றுக்கிழமைக்குள் அப்பாவிடம் என் படிப்பைப் பற்றிப் பேசு. அப்போதாவது நெட்வொர்க் இருக்கட்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு போ, வேளைக்குச் சாப்பிடு. வெளிச்சம் இரண்டு பேருக்கும் பொது என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

உன் தங்கை,
செண்பகம்.