காயவைக்கக் கூடாத விதை

அன்பு மாமா,

மேலே போயும் ஏதாவது மரத்தடியில்தானே நிற்பீர்கள்? அப்படியே நின்று கேளுங்கள். உங்கள் மரம் பிழைத்துவிட்டது.

நாலைந்து வருஷத்துக்கு முன், எழுபதுகளின் கடைசியில், மேற்குமலையில் வனக்காவலராக இருந்த நீங்கள், லீவுக்கு உப்பளத்தில் இருக்கும் நம் வீட்டில் ஒரு கோணிப்பை வெள்ளைக்குங்கிலிய மரத்து விதையோடு வந்து இறங்கினீர்களே, நினைவிருக்கிறதா? விதையை எடுத்து வைத்துக்கொண்டு தாய்மரத்தை வெட்டிவிடலாம் என்பது ஆபீசர் கணக்கு. ஈர விதையைப் பார்த்து அக்கா சும்மா இருப்பாளா? நெல் விதைத்த குடும்பத்துப் பெண். மொட்டை மாடியில் கொத்தமல்லிக்குப் பக்கத்தில் பரப்பி, கலகலவென்று காயவைத்து, வேப்பிலை போட்டு டப்பாவில் மூடிவிட்டாள்.

ஐப்பசி மழையில் விதைத்துப் பார்த்தோம். ஒன்றுகூட முளைக்கவில்லை. அக்கா அழுதாள். நீங்கள் சிரித்தீர்கள்.

"அழுவாத பிலோ. இது காஞ்சா செத்துடும்னு எனக்கே இப்பத்தான் தெரியுது. மூட்டை கட்டி வெக்க முடியாது, மரத்தத்தான் நிக்க வெக்கணும்."

அந்த டப்பாவை ஆபீசர் மேசையிலேயே கொட்டினீர்களாமே! சுற்றியிருப்பதை அளவாக வெட்டுங்கள், வெளிச்சம் விழட்டும், தாய்மரம் மட்டும் நிற்கட்டும் என்று வாதாடினீர்கள். கன்று வராவிட்டால் அதற்கும் கோடாலிதான் என்றார்கள். மரமோ அழுத்தக்காரி, வருஷாவருஷம் காய்க்காது. மர அறுவை மில்லில் வேலை பார்க்கும் நான் வேறு கிண்டல் செய்வேன்.

"மாமா, அதுல எவ்ளோ பலகை வரும் தெரியுமா?"

"போடா மச்சான், ஒனக்கு எதப் பாத்தாலும் பலகைதான்."

போன வருஷம் கோடையில் நீங்கள் போய்விட்டீர்கள். அடுத்து வந்த மழையில்தான் அது கொத்துக்கொத்தாகக் காய்த்ததாம். இரண்டு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா மாமா?

இந்த ஆடியில் அக்காவை அழைத்துக்கொண்டு போனேன். உங்களோடு வேலை பார்த்த காவலர் வழி காட்டினார். மரத்தைச் சுற்றி ஒரு முழ உயரத்துக்குக் கன்றுகள், கால் வைக்க இடமில்லை. இந்த வருஷமும் கொஞ்சம் காய்த்து, விழுந்த விதை ஈரச்சருகிலேயே வேர் விட்டிருந்தது.

"வெத மரம்னு பெயின்ட் அடிச்சிட்டாங்க. இனிமே யாரும் தொட மாட்டாங்க," என்றார் காவலர்.

அக்கா குனிந்து ஒரு விதையை எடுத்தாள். மடியில் முடிந்துகொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். எடுத்த இடத்திலேயே வைத்து, சருகை இழுத்து மூடினாள்.

"இங்கியே இருக்கட்டும்டா. எடுத்துட்டுப் போனா அவரு சிரிப்பாரு."

ஒவ்வோர் ஆடிக்கும் அவளை அழைத்துப் போவேன் மாமா. வெறுங்கையோடு போய், வெறுங்கையோடுதான் திரும்புவோம்.

உங்கள் பலகைக்கார மச்சான்,
சவரி